இரண்டு குப்பிகள்: மதுரையில் மூன்று வாரங்கள்

அப்பாவின் சதாபிஷேகத்துக்காக டொராண்டோவிலிருந்து மதுரைக்கு வந்த எனக்கு, விடுமுறையில் பாதிக்கு மேல் மருத்துவமனை வராந்தாவிலேயே கழிந்தது. அக்காவின் ஏழு வயது மகனுக்கு அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றுநோய். முதற்கட்டக் கீமோவின் நடுவில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே இறங்கியிருந்தது. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் ஏற்றியும் காய்ச்சல் விடவில்லை. "மாமா, மூக்குக்குள்ள வலிக்குது" என்று அவன் சொன்னபோது வெளியில் வீக்கமோ சிவப்போ பெரிதாகத் தெரியவில்லை. கிருமியோடு போராட வெள்ளணுக்களே இல்லாத உடம்பில் சீழும் வீக்கமும் எளிதில் வராது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பூஞ்சைத் தொற்றைத் தேடும் கேலக்டோமேனன் என்னும் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று அரை நாளில் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அந்த வேகத்தைக் கனடாவில் கனவிலும் எதிர்பார்க்க முடியாது. ஆனால், 'அப்படியானால் பூஞ்சை இல்லை' என்று வீட்டில் எல்லோரும் மூச்சுவிட்டோமே, அதுதான் தவறு. அந்தப் பரிசோதனை ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள பொருளைத் தேடுவது. 2021-இல் 'கருப்புப் பூஞ்சை' என்று ஊரே பேசிய மியூக்கர் வகைப் பூஞ்சைகளை அது காட்டாது. முன்னெச்சரிக்கையாகத் தொடங்கிய வோரிகோனசோல் என்னும் பூஞ்சை மருந்தும் அவற்றிடம் பலிக்காது.

இரண்டு நாளில் மூக்கின் உள்ளே ஒரு கறுத்த புள்ளி தெரிந்தது. அங்கிருந்து எடுத்த சதைத் துணுக்கு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலினில் பூஞ்சை செத்துவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க வழியில்லை. இதைச் சொன்னவர், நாங்கள் பையனை மாற்றிக்கொண்டு போன இரண்டாவது மருத்துவமனையின் நுண்ணுயிரியல் மருத்துவர். மறுபடி பயாப்சி எடுத்தபோது அவர் இரண்டு குப்பிகளை மேசைமேல் வைத்தார்: ஒன்றில் ஃபார்மலின், மற்றதில் வெறும் சலைன், அதாவது உப்புநீர். சலைன் குப்பியை ஊழியரிடம் கொடுத்து, "இதை ஃபிரிட்ஜில் வைக்காதீங்க, அரைக்கவும் வேண்டாம், அரைச்சா பூஞ்சை இழை நசுங்கிடும், சின்னதா நறுக்குனாப் போதும்" என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசி வந்தது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நாடாபோல் அகன்ற, குறுக்குச் சுவர் அரிதான, ஏறக்குறைய செங்கோணத்தில் கிளைக்கும் இழைகள் தெரிந்தனவாம். அது மியூக்கர் வகையின் அடையாளம். ஆஸ்பர்ஜில்லஸாக இருந்தால் இழை மெல்லியதாக, கூர்ங்கோணத்தில் பிரிந்திருக்கும். பூஞ்சையைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குக் காத்திராமல் அன்றிரவே உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவில் லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் என்னும் பூஞ்சை மருந்தைத் தொடங்கினார்கள். காலையில் அறுவை செய்து கறுத்த திசுவை நீக்கினார்கள். மூன்றாம் நாள் தட்டில் மியூக்கர் வகையைச் சேர்ந்த ரைசோபஸ் பஞ்சுபோல் பொங்கி வளர்ந்திருந்தது.

செவிலியர் ஒருவர் அந்த ஆம்ஃபோடெரிசினைச் சலைனில் அல்ல, டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலில்தான் கலக்க வேண்டும் என்று புதிதாக வந்த பெண்ணுக்கு ஒவ்வொரு மாலையும் நினைவூட்டிக்கொண்டிருந்தார். நான் விமானம் ஏறிய அன்று காய்ச்சல் இல்லை. மருந்தால் பொட்டாசியம் குறைந்ததற்குக் கொடுத்த சிரப்பைக் குடிக்க மாட்டேன் என்று பையன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான்.