சொந்தமாகக் கற்பதா, வெளியாரை அழைப்பதா: கொரியாவும் பினாங்கும்

தொழில்நுட்பத்தில் முன்னேற நினைக்கும் வளரும் நாடுகளுக்கு எந்த வழி சரி? தென்கொரியா சொந்தமாகக் கற்றது; மலேசியாவின் பினாங்கு மாநிலம் வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்தது.

செலவு
தென்கொரியா: 1966இல் கிஸ்ட் ஆய்வு நிறுவனம், 1971இல் கைஸ்ட் என்ற அறிவியல் உயர்கல்வி நிறுவனம். அரசு ஆரம்பத்திலேயே பணம் போட்டது.
பினாங்கு: 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயம். நிலமும் வரிச்சலுகையும் கொடுத்ததும் அமெரிக்க சிப் நிறுவனமான இன்டெல் அதே ஆண்டு வந்தது.

வேகம்
பினாங்கு: சில ஆண்டுகளிலேயே வேலைவாய்ப்பு.
தென்கொரியா: பொறுமை வேண்டும். 1975இல் ஹூண்டாய் தயாரித்த போனி காரின் எஞ்சின் மிட்சுபிஷியுடையது. ஹூண்டாயின் சொந்த எஞ்சின் 1991இல்தான் வந்தது. இந்தப் 16 வருடப் படிப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த அறிவை யாரும் பெட்டி கட்டி எடுத்துப்போக முடியாது.

நிலைப்பு
தென்கொரியா: வடிவமைப்பும் பிராண்டும் சொந்தம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 5% ஆய்வுக்குப் போகிறது.
மலேசியா: அது சுமார் 1%. முக்கிய முடிவுகள் வெளிநாட்டுத் தலைமையகங்களில்.

கையில் பணமில்லை, இளைஞர்களுக்கு உடனே வேலை வேண்டும் என்றால் பினாங்கு வழி. பொறியாளர்களும், இருபது ஆண்டு மாறாத கொள்கையும் இருந்தால் கொரிய வழி. பினாங்கு வழியில் தொடங்கும் நாடு உள்ளூர்ச் சப்ளையர்களை அன்றே வளர்க்க வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விடக்கூடாது.