தலைமன்னார் வெளிச்சவீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி 36,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

தலைமன்னார்ப் பயணத்துக்கு முற்பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நேற்றிரவுதான் திரும்பினோம், வயிறு இன்னும் எரிகிறது.

வவுனியாவில் ஒரு பயண முகவர். முகநூலில் படம் படமாகப் போட்டு ஆள் பிடிக்கும் வகை. 1915இல் கட்டிய வெளிச்சவீட்டின் உச்சிவரை ஏறலாம், பிறகு படகில் போய் இராமர் அணைத் தீடைகளில், அதாவது கடல் நடுவிலுள்ள மணல் திட்டுகளில், இறங்கலாம் என்று விளம்பரம். தலைக்கு 4,500 ரூபாய். எட்டுப் பேருக்கு 36,000, அதுவும் முழுவதும் முன்கூட்டியே.

அப்பா சிறுவயதில், 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்குமுன், தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறி அங்கே போனவர். அந்த வெளிச்சவீட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இதைச் சொன்னதும் தொலைபேசியில் அந்தத் தம்பியின் குரலே இளகிவிட்டது. “ஐயாவுக்கு முழங்கால் வருத்தமா அக்கா? எங்கள் பொடியன் ஒருவன் கையைப் பிடித்துப் படிப்படியாக ஏற்றிவிடுவான்” என்றார். மருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். வான் வண்டியில் முன் ஆசனம் ஐயாவுக்குத்தான் என்றார். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு விசாரிக்காது. அன்றே வங்கிக்குப் போய் 36,000 ரூபாயை வைப்பிலிட்டேன்.

போனால் வெளிச்சவீட்டில் பூட்டு. சாவி யாரிடம் என்று சாரதிக்குத் தெரியவில்லை. ஏற்றி இறக்கத்தான் அவரைப் பிடித்திருக்கிறார்கள். கைபிடித்து ஏற்றும் பொடியன் எவனும் இல்லை. அப்பா வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வானுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் படகைப் பற்றிக் கேட்டோம். சிரித்தார்கள். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று இப்படி அடிக்கும்போது, கடற்படை அனுமதியும் இல்லாமல், யார் தீடைக்கு ஆள் ஏற்றுவார்கள்? எல்லைக் கடல் அது; 2015 முதல் தேசியப் பூங்காவும்கூட. முகவருக்கு இது தெரியாமலா இருக்கும்!

அங்கிருந்தே அழைத்தேன். “கடல் எங்கள் கையிலா இருக்கிறது அக்கா?” வெளிச்சவீடு கடலுக்குள்ளா இருக்கிறது? மாலையில் கேட்டால், முதலாளி கொழும்பில். இன்று காலை கேட்டால், “பள்ளிமுனைப் பெருக்கமரம் காட்டினோமே, அதுவும் பயணத்தில் அடக்கம்தான்.” வீதியால் போகிற எவரும் காசில்லாமல் பார்க்கும் மரத்துக்கு 36,000 ரூபாயா? அதைக் கேட்டதும் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொலிஸ் நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். சோளகக் காலத்தில் தீடை என்று எவராவது சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். வெளிச்சவீட்டை வெளியே நின்று பார்க்க மன்னாரில் பஸ் ஏறினால் போதும். பற்றுச்சீட்டை எழுதி வாங்குங்கள். என்னிடம் வங்கி வைப்புச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது, அதைத்தான் கொண்டு போகிறேன்.