ஹாலிவுட் கொயர்ஸ் தமிழ் பாடுமா?

நரிமேட்டில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். நவம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் பாட்டு வேலைதான். வருகிற எல்லாருக்கும் பின்னணியில் பெரிய கொயர், அதாவது கூட்டமாகச் சேர்ந்து பாடும் குழு வேண்டும். நாற்பது பேரை நிறுத்த அறையிலும் இடமில்லை, அவர்கள் பட்ஜெட்டிலும் இடமில்லை. அதனால்தான் ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனத்தின் ஹாலிவுட் கொயர்ஸை எடுத்தேன். கணினியிலேயே கொயரைப் பாடவைக்கும் மென்பொருள். முழு விலை கொடுக்காமல் மாதச் சந்தாவிலும் கிடைக்கிறது. சீசன் வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

இதில் பெரிய விஷயம் வேர்ட்பில்டர். வார்த்தையை டைப் செய்தால் போதும், ஏற்கெனவே பதிவு செய்த மனிதக் குரல்களின் ஒலித்துண்டுகளைக் கோத்து, நாம் கீபோர்டில் அமுக்கும் சுரத்தில் பாடிவிடும். லத்தீன் 'குளோரியா'வை முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அல்லேலூயா, ஓசன்னா, ஆமென் எல்லாமே அருமை.

தமிழுக்கென்று செய்தது இல்லை என்பதால் நம் சொற்களுக்கு மெனக்கெட வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு, உச்சரிப்பை அப்படியே குறிக்கும் ஒலிக்குறி முறையில் ஒவ்வோர் அசையாகக் கொடுங்கள். நெடிலும் குறிலும் சரியாக வரும். 'ள' வராது, 'உள்ளம்' என்பது 'உல்லம்' ஆகிவிடும். 'ழ'வுக்கு அமெரிக்கர்கள் நாக்கை மடித்துச் சொல்லும் 'ர' ஓரளவு கிட்டே வருகிறது. கீர்த்தனைகளில் இன்னொரு சிக்கல். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்காக, கீபோர்டில் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்டைத் தள்ளினால் மொத்தக் குழுவும் ஒரே நூலில் கட்டி இழுத்த மாதிரி சேர்ந்து வழுக்கும். நிஜத்தில் நாலு பேர் நாலு விதமாக அல்லவா சுரத்தை எட்டுவார்கள்!

அதனால் நான் மென்பொருளுக்கு 'ஆ', 'ஊ' என்று நீளமான உயிர் ஒலிகளை மட்டும் கொடுத்து, கீபோர்டிலுள்ள மாட் வீல் என்ற சக்கரத்தால் குரலின் அழுத்தத்தை மெதுவாக ஏற்றி இறக்குகிறேன். அதன்மேல் நன்றாகப் பாடும் நான்கு பேரை, மைக்கிலிருந்து தள்ளி நிற்கவைத்து, இடம் மாற்றி மாற்றிப் பதிவு செய்கிறேன். வார்த்தைகள் முழுக்க அவர்களுடையவை. இந்தக் கலவையில்தான் தமிழ் தமிழாகக் கேட்கிறது, கோயில் நிறைந்த மாதிரியும் இருக்கிறது. காசு மிச்சம் என்று அந்த நான்கு பேரையும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

வாங்குபவர்கள் கணினியில் வேகமாக இயங்கும் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. டிரைவுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் வைத்தால் குரல்கள் ஏறுவதற்கே பொறுமை போய்விடும்.