மாஞ்சோலை மேலே பழைய மரவீடு என்று சொல்லி 18,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டான், யாரும் ஏமாறாதீர்கள்

மொத்தம் 18,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஒரு வாரமாக என் மண்டைக்குள் வேறு எந்த எண்ணும் நிற்கவில்லை. காட்டுக்குள்ளே வெள்ளைக்காரன் காலத்து மரவீட்டில் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று நம்பி, போன சனிக்கிழமை ஆறு பேர் கிளம்பிப் போய், மணிமுத்தாறு செக்போஸ்ட்டோடு திரும்பி வந்தோம். நேற்று ராத்திரி என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். எந்தச் செயலி, எந்தப் பக்கம் என்று பெயர் போடவில்லை, போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள் என்கிறாள் மகள். படமும் குட்டி வீடியோவும் போடுகிற செயலி, அதில் நெல்லைப் பக்கத்து மலை, அருவி, அணை என்று படம் போட்டுக்கொண்டே 'தங்கும் வசதி உண்டு' என்று அழைக்கிற ஒரு சுற்றுலாப் பக்கம், அவ்வளவுதான் சொல்வேன். எப்படி மாட்டினேன், மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவருக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம். அப்பா பஸ் டிரைவர், ஓய்வு பெற்று பதினான்கு வருடம் ஆகிறது. கடைசிப் பல வருடங்கள் மாஞ்சோலை ரூட்டில்தான் ஓட்டினார். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று அந்தப் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்லும்போதே நமக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மேலே ராத்திரி தங்கல் வரும் நாட்களில் பஸ்ஸுக்குள்ளேயே கம்பளியைப் போர்த்திப் படுத்துக்கொள்வாராம். "அங்கங்க பங்களால லைட்டு எரியும்லே, புகைக்கூண்டுல புகை வரும், உள்ள எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே தூங்கிருவேன்" என்று நான் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து சொல்லி வருகிறார். இப்போது வயது 72. முழங்கால் தேய்மானம். எப்படியாவது ஒரு ராத்திரி அவரை அந்த மாதிரி ஒரு வீட்டுக்குள் படுக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை, அது தப்பா?

அந்தப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. கருத்த மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய வீடு, கல் புகைபோக்கி, திண்ணையில் விறகு அடுக்கி வைத்திருக்கிறது, பின்னால் மூடுபனி. கீழே, '1880இல் எஸ்டேட் துரை கட்டிய மரவீடு, மாஞ்சோலை மலைக்காடு, குடும்பத்துக்கு மட்டும்.' நான் விலை கேட்டு எழுதிய ஐந்தாவது நிமிடம் போன் வந்தது.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இந்தியில் பேசியிருந்தால் வைத்திருப்பேன். மெட்ராஸ் தமிழ் பேசியிருந்தால்கூட இரண்டு கேள்வி கூடக் கேட்டிருப்பேன். இவனோ "வணக்கம் அண்ணாச்சி, அம்பையிலேருந்து பேசுதேன், பாளையங்கோட்டையில எந்தத் தெரு நீங்க?" என்று ஆரம்பித்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி என்றதும் "அப்பச்சிக்குக் கீழ் ரூமு தந்துருதேன், வெஸ்டர்ன் டாய்லெட்டு இருக்கு, நீங்க கவலப்படாதிய" என்றான். காசை முன்னாலேயே போடத் தயங்கினேன். உடனே குரலை இறக்கி, "அண்ணாச்சி, உங்க குலசாமி எது?" என்று கேட்டான். சொரிமுத்தையனார் என்றேன். "எனக்கும் அவருதான். அந்த சொரிமுத்தையன் மேல சத்தியமாச் சொல்லுதேன், உங்க துட்டு ஒத்த ரூவா எங்கயும் போவாது." ஆடி அமாவாசைக்குக் காரையாறு போய்க் குடில் போட்டுத் தங்கி வருகிற குடும்பம் எங்களுடையது. அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தன் பொய்ச் சத்தியம் பண்ணுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லையே!

அன்றைக்கே 5,000, 'தேதியைப் பிடித்து வைக்க'. இரண்டு நாள் கழித்து 9,500, 'காட்டுக்குள் போக பர்மிட்டும் வீட்டு வாடகையும்'. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4,000, 'செக்போஸ்ட்டிலிருந்து மேலே போக ஜீப்'. ஆக 18,500. மூன்று தடவையும் நானே என் கையால் பின் நம்பர் போட்டு அனுப்பினேன். அப்புறம் ஒரு விஷயம் சொன்னான் பாருங்கள். "மேல ஒரு வாட்ச்மேன் தாத்தா இருக்காரு அண்ணாச்சி, வயசாளி, அவருக்கு மட்டும் கொஞ்சம் வெத்தல பாக்கு வாங்கிட்டு வாங்க, கடைகண்ணி கிடையாது பாத்துக்கிடுங்க." அதோடு என் மனசில் இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது. இல்லாத ஒரு கிழவனுக்கு வெற்றிலை வாங்கி வரச் சொல்லுகிற அளவுக்கு ஒருத்தன் யோசிப்பானா? பாளை மார்க்கெட்டில் நல்ல கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து ஒரு கவுளி வாங்கி, வாழை இலையில் சுற்றி, ஈரத் துணி போட்டு எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அம்மா புளியோதரையும் எள்ளுத் துவையலும் கட்டினாள். அப்பா தன் பழைய காக்கி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குரங்குக் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். சேரன்மகாதேவி தாண்டி வீரவநல்லூர் வரும்போதே வெயில் கொளுத்துகிறது, ஸ்வெட்டரைக் கழற்றுங்கள் என்றால் கேட்கவில்லை. கல்லிடைக்குறிச்சி கிட்டே வந்ததும் திடீரென்று, "வீடு எந்த வருசம் கட்டுனதுன்னு சொன்னான்?" என்றார். 1880 என்றேன். "மேல தேயிலை போட்டதே 1929ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 99 வருசக் குத்தகைக்கு எடுத்த பொறவுதானலே. அதுக்கு அம்பது வருசம் முந்தி எந்த எஸ்டேட்டு, எந்தத் தொரை?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்பா, அது காட்டிலாகா துரையா இருக்கும், சும்மா வாங்க." அந்த மலையில் அத்தனை வருடம் வண்டி ஓட்டிய மனுஷனை, படம் பார்த்து மயங்கிய நான் அடக்கினேன். அப்போதே வண்டியை நிறுத்தியிருந்தால் 18,500 திரும்பி வந்திருக்காதுதான், ஆனால் அதற்கப்புறம் பட்ட அவமானமாவது இல்லாமல் போயிருக்கும்.

செக்போஸ்ட்டில் வனக்காவலர் ஒருவர், இள வயது, மரியாதையாகத்தான் பேசினார். போனில் இருந்த பர்மிட்டைக் காட்டினேன். முத்திரை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒன்றும் பேசாமல் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். 'களக்காடு முண்டந்துரை புலிகள் காப்பகம்' என்று இருந்தது. துறை இல்லை, துரை. வெள்ளைக்காரத் துரையைத் தேடி வந்தவனுக்கு முண்டந்துரைதான் கிடைத்தது. "சார், இது 1988லேருந்து புலிகள் காப்பகம். தனி ஆள் வாடகைக்கு விடுற வீடு உள்ள ஏது சார்? காட்டுக்குள்ள தங்கணும்னா வனத்துறை ஓய்வு விடுதிதான், அதுக்கும் அம்பாசமுத்திரம் ஆபீஸ்ல நேரா அனுமதி வாங்கணும். போன மாசமும் இதே மாதிரி ஒரு குடும்பம் வந்துச்சு." அப்பாவை அவர் அடையாளம் கண்டுகொண்டாரோ என்னவோ, "ஐயா, நிழல்ல உக்காருங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. கையில் குல்லாவை வைத்துக்கொண்டு மேலே போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இவனுக்குப் போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தான். "அண்ணாச்சி, மேல யானை இறங்கிருக்கு, அதான் நிப்பாட்டுதாவ, சாயங்காலம் விட்டுருவாவ." வனக்காவலர் என் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்! அவரிடம் பேசு என்று போனைக் கொடுத்தால் டவர் இல்லாமல் போய்விட்டது. அரை மணி கழித்து ஒரு லொகேஷன் வந்தது, 'வேற நல்ல வீடு, இன்னிக்கு அங்க தங்குங்க'. போனோம், அதுவும் என் புத்திதான். வாழைத்தோப்புக்குள்ளே மோட்டார் ரூம், தகரக் கூரை, உள்ளே உர மூட்டையும் சுருட்டி வைத்த ஓஸ் பைப்பும். தோப்புக்காரர் வந்து "யாரு நீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. தோப்பு வரப்பில் உட்கார்ந்து புளியோதரையைத் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் பாளை வந்து சேர்ந்தோம். வெற்றிலைக் கட்டு டிக்கியிலேயே கிடந்து, ஞாயிற்றுக்கிழமை காலை நான் எடுக்கும்போது கறுத்துப்போய் வாடை அடித்தது.

அதற்கப்புறம் இந்த ஆறு நாளும் சாக்குதான். ஞாயிறு: "இன்னிக்கு பேங்க் லீவு அண்ணாச்சி." திங்கள்: "ரீஃபண்டு போட்டாச்சு, ஏழு வொர்க்கிங் டேஸ்ல ஏறிரும்." ரசீது எங்கே என்றால், கணக்கு பார்க்கிற பிள்ளை பேறுகாலத்துக்குப் போயிருக்கிறதாம். புதன்கிழமை இன்னும் ஒரு படி மேலே போய், ரீஃபண்டு பண்ண 900 ரூபாய் ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்றான். கேட்டேன் பாருங்கள், என் காசை எனக்குத் திருப்பித் தர நான் வரி கட்டணுமா என்று. "சிஸ்டம் அப்படி" என்கிறான். என்ன சிஸ்டம்?

செயலியில் புகார் கொடுத்தோம். அந்தப் பக்கம் தங்கள் விதிகளை மீறவில்லை என்று மறுநாளே பதில் வந்தது. பேங்கில் போய்க் கேட்டால், "பின் நம்பர் நீங்கதானே போட்டீங்க?" என்று கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார்கள். ஆமாம், நான்தான் போட்டேன், இல்லையென்று சொல்லவில்லையே.

நேற்று ராத்திரி நடந்ததுதான் தாங்க முடியவில்லை. என் நம்பர் போகவில்லை என்றதும் வீட்டுக்காரி தன் போனிலிருந்து, வீடு வேண்டும் என்பது மாதிரி கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். அவளுக்குப் பிறந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். "வணக்கம் மதினி, எந்த ஊரு நீங்க?" என்று அதே குரல், அதே குழைவு. இவள் ஊரைச் சொன்னாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, "செந்தூர் முருகன் மேல சத்தியமாச் சொல்லுதேன் மதினி, உங்க துட்டு ஒத்த ரூவா எங்கயும் போவாது" என்றான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து போனை வாங்கி, "ஏலே, நேத்து வரைக்கும் சொரிமுத்தையன்லா உன் குலசாமி?" என்றார். கட் ஆகிவிட்டது. அவள் நம்பரும் போச்சு.

அந்தப் படத்தை மகள் இணையத்தில் தேடிப் பார்த்தாள், நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஏதோ வெளிநாட்டு மலையில் இருக்கும் வீடு, வேறு ஒரு தங்குமிடப் பக்கத்தில் அதே விறகு அடுக்கோடு அப்படியே இருக்கிறது. பின்னால் நிற்பதெல்லாம் ஊசியிலை மரம். "இந்த மரம் நம்ம காட்டுல ஏதுலே?" என்று அப்பா இப்போது கேட்கிறார். மூடுபனியைப் பார்த்தவன் மரத்தைப் பார்க்கவில்லை.

சரி, என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். படத்தைத் தேடிப் பாருங்கள். மணிமுத்தாறு, பாபநாசம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்று எவனாவது சொன்னால் அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் ஒரு ரூபாய் போடாதீர்கள். காசு போய்விட்டால் அன்றைக்கே 1930க்குப் போன் போடுங்கள், சைபர் புகாருக்கு அந்த எண்தான். நான் யானை இறங்கியிருக்கிறது, ரீஃபண்டு வருகிறது என்று நம்பிக்கொண்டு நாலு நாள் கழித்துப் போட்டேன். புகார் எண் வந்திருக்கிறது, 18,500 வரவில்லை. ஊர்ப் பேச்சு பேசுகிறான், சாமி மேல் சத்தியம் பண்ணுகிறான் என்று நம்பாதீர்கள், என்னைக் கவிழ்த்தது அதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் தன் தோழியின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறாள். இன்று மதியம் அதே வீட்டுப் படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறான், இந்தத் தடவை '1865' என்று. கீழே ஒருவர் 'அண்ணா, பெரியவங்க தங்க வசதி இருக்குமா, அம்மாவுக்கு 70 வயசு' என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை போனிலிருந்து 'வேண்டாம், ஏமாற்று' என்று எழுதிப் பார்த்தோம். இரண்டு நிமிடத்தில் அதையும் அழித்துவிட்டான்.