டென்வரில் சூப்பர்சார்ஜர் டிரக்: பத்து வருஷக் கணக்கு

2014-ல் பழைய வண்டியாக வாங்கினேன். 2003 ஃபோர்டு எஃப்-150 எஸ்விடி லைட்னிங். 2022-ல் அதே பெயரில் வந்த பேட்டரி டிரக் இல்லை; 5.4 லிட்டர் வி8 தலையில், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும் பழைய லைட்னிங். கம்பெனி கணக்கு 380 எச்பி, பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் அது கூட்டும் அழுத்தம்) 8 பிஎஸ்ஐ.

வாங்கிய வாரமே முன்கண்ணாடி ஓரத் தூணில் தனியாக ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டினேன். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் முள் ஆறரையைத் தாண்டவில்லை. பெல்ட் வழுக்குகிறதோ, எங்காவது காற்று கசிகிறதோ என்று ஒரு மாசம் தேடினேன். பெல்ட் மாற்றினேன், டென்ஷனர் மாற்றினேன், கண்ணில் பட்ட வேக்கம் ஹோஸையெல்லாம் மாற்றினேன். முள் அதே இடத்தில். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. நான் குடியிருக்கும் டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகை சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கோடு பெல்ட்டால் கட்டப்பட்டது. அது ஒரு சுற்று சுற்றினால் 112 கன அங்குலம் காற்றை வாரி உள்ளே போடும். கடற்கரையிலும் அதே 112, மலை உச்சியிலும் அதே 112. படி அதே படிதான். அளக்கிற நெல்லில்தான் பதர் கூடிவிடுகிறது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதோடு பூஸ்ட் 8 சேர்ந்தால் 22.7. அதாவது வந்த காற்றை ஏறக்குறைய 1.54 மடங்காக அழுத்துகிறது. டென்வரில் வெளியே இருப்பதே சுமார் 12.1தான். அதை 1.54-ஆல் பெருக்கினால் 18.7. கேஜ் வெளிக்காற்றைக் கழித்துவிட்டுக் காட்டும் கருவி என்பதால் 6.6 காட்டுகிறது. நான் ஒரு மாசம் தேடிய ஒன்றரை பிஎஸ்ஐ இதுதான்.

ஆனால் இழப்பு ஒன்றரை இல்லை, நாலு. 22.7 இருக்க வேண்டிய இடத்தில் 18.7. இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு வருஷம் ஆனது, அதற்குள் ஒரு எஞ்சினைக் கெடுக்கப் பார்த்தேன். அந்தக் கதை பிறகு.

சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றியபோது சக்கரத்தில் கிடைத்தது 262 எச்பி. கையில் கொடுத்த தாளில் 319 என்று இருந்தது. உயரத்துக்காக எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) திருத்தம் போட்டது 319. நான் ஓட்டுவது 262. இங்கே யாராவது டைனோ தாளை நீட்டினால் முதலில் திருத்தம் போட்டதா என்று பாருங்கள். எஞ்சின் புகையே சுற்றுகிற டர்போ உள்ள வண்டிக்காரர்கள் அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொண்டு அலட்டுவது தனி வேடிக்கை. அது டர்போ இல்லாத எஞ்சினுக்காக எழுதிய சூத்திரம். டர்போ மெல்லிய காற்றில் இன்னும் வேகமாகச் சுற்றி, தன் வரம்புக்குள் அழுத்தத்தை ஈடுகட்டிவிடும். பெல்ட்டில் கட்டிய என் சூப்பர்சார்ஜருக்கு அந்த வசதி இல்லை. நண்பரின் டர்போ வைத்த எக்கோபூஸ்ட் எஃப்-150 ஐ-70 நெடுஞ்சாலையின் மலையேற்றத்தில் டிரெய்லரோடு என்னைத் தாண்டிப் போனபோது வயிறு எரிந்தது உண்மை.

அந்த ஏற்றத்தின் முடிவில் ஐசன்ஹவர் சுரங்கம், 11,000 அடிக்கு மேல். அங்கே வெளியழுத்தம் 10-க்கும் கீழே. கேஜ் ஐந்து சொச்சம் காட்டும். கூட்டினால் 15. அதாவது என் சூப்பர்சார்ஜர் முழு மூச்சாக உழைத்து, சூப்பர்சார்ஜரே இல்லாத வண்டி கடற்கரையில் சும்மா இழுக்கிற காற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. போதாததற்கு, அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தண்ணீரை ஆற்றுகிற முன் ரேடியேட்டருக்கும் அதே மெல்லிய காற்றுதான். கோடையில் ஏறினால் இரண்டாவது மேட்டிலேயே மந்தம் தெரியும். எரிபொருள் கலவை மட்டும் கெடுவதில்லை. உள்ளே போகும் காற்றின் நிறையையே சென்சார் அளப்பதால் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்கிறது.

இந்தக் கொலராடோ மாநிலத்து மலைகளுக்கும் காற்றழுத்தத்துக்கும் பழைய உறவு உண்டு. 1918-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சினை ஒரு டிரக்கில் ஏற்றி 14,000 அடி பைக்ஸ் பீக் உச்சிக்குக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார். கீழே 350 எச்பி தந்த எஞ்சின் உச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போ மாட்டியதும் 356. நூறு வருஷம் கழித்து நான் புல்லி மாற்றிக்கொண்டிருந்தேன்.

இனி அந்தக் கதை. சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்ற மேல் புல்லியைச் சின்னதாக்கலாம், அல்லது கிராங்க் புல்லியைப் பெரிதாக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். ‘நாலு பவுண்டு புல்லி’ என்பார்கள், கடல்மட்டத்தில் பூஸ்ட் நாலு கூடும். எஞ்சின் கம்ப்யூட்டருக்கான ட்யூனும் இங்கேயே, இந்தக் காற்றுக்கே எழுதினார்கள். கேஜ் பத்தைத் தொட்டது. வண்டி முதல் தடவையாகப் பெயருக்கேற்ற மாதிரி ஓடியது.

2016 டிசம்பரில் ஹூஸ்டனுக்குக் கிளம்பினோம், ஆயிரம் மைல். ரேட்டன் கணவாய் தாண்டி அமரில்லோ வந்ததுமே வண்டி துள்ளியது. நானும் சேர்ந்து துள்ளினேன். டாலஸ் தாண்டி ஒரு லாரியை முந்த மிதித்தேன். முள் 12. இரண்டுதானே கூட என்று விட்டுவிட்டேன். தகர டப்பாவில் சில்லறை போட்டுக் குலுக்குகிற சத்தம், சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கிற ‘நாக்’.

“என்னங்க, பின்னாடி ஏதாவது சாமான் சரிஞ்சிடுச்சா?” என்றாள் மனைவி.

“சாமான் இல்ல, எஞ்சின்” என்று காலை எடுத்தேன்.

கேஜில் கூடியது இரண்டு. சிலிண்டருக்குள் கூடியது கிட்டத்தட்ட ஐந்து. டென்வரில் 12.1 மேல் 10, அங்கே 14.7 மேல் 12. இருபத்திரண்டுக்கு எழுதிய டைமிங் (தீப்பொறி விடும் நேரம்), ஏறக்குறைய 27-ல் ஓடிக்கொண்டிருந்தது. டாங்க்கில் 91 ஆக்டேன் வேறு; நாக்கைத் தாங்கும் அளவுதான் ஆக்டேன். அடுத்த பங்க்கில் 93 போட்டேன். போக மிச்சமும், திரும்பி வந்த ஆயிரம் மைலும் முள் பூஜ்யத்தைத் தாண்டாமல் ஓட்டினேன். லேசாக மட்டும் மிதித்தால் பைபாஸ் வால்வு திறந்தே இருக்கும், பூஸ்ட் வராது. அது காப்பாற்றியது. ட்யூன் செய்தவர் நான் எங்கெல்லாம் போவேன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கணக்கை என் மனைவி என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரமாகும். குக்கரின் வெயிட்டும் வெளிக்காற்றுக்கு மேலே 15 பிஎஸ்ஐதான் பிடிக்கும். வெளிக்காற்றே குறைந்தால் உள்ளேயும் குறைவு. “அதான் இங்க ஒரு விசில் கூட வைக்கிறேன். உங்க வண்டிக்கும் அப்படித்தானே? ஊருக்குப் போனா அந்த விசிலைக் குறைக்கணும்ல” என்றாள்.

குறைத்தேன். 2017-லிருந்து இரண்டு பவுண்டு புல்லி, 91 ஆக்டேனில் கடல்மட்டத்துக்கும் தாங்குகிற டைமிங். வீட்டுக்காற்றில் கொஞ்சம் சக்தியை விட்டுக்கொடுத்ததுதான், தெரிந்தே. அதற்குப் பிறகு இரண்டு முறை டெக்சாஸ் போய்வந்தாயிற்று, சத்தமில்லை. பாண்டிமியர் பந்தய டிராக்கை 2023-ல் மூடுவதற்கு முன் அங்கே கடைசியாக ஓட்டியபோது கால் மைல் 14.6 வினாடி. 5,800 அடி உயரத்தில் அது எனக்குப் போதும்.

போன மாசம் நண்பர் ஒருத்தர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். மேட்டில் மிதித்தபோது முள்ளைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு செலவு பண்ணியும் எட்டுதானா? கம்பெனிலயே எட்டுதானே குடுத்தான்?” என்றார்.

“எந்த ஊர் எட்டு?” என்றேன்.