விழுந்தப்புறம் முதுகு வலிச்சா எக்ஸ்ரே எடுக்காம கைரோபிராக்டர்கிட்ட போகாதீங்க

அம்மாவுக்கு 67 வயசு. நாற்காலில உக்காரப் போனவங்க விளிம்பு தவறி தரையில பொத்துனு உக்காந்துட்டாங்க, அவ்வளவுதான், எழுந்து நடந்தாங்க. ரெண்டு நாள்ல இடுப்புக்கு மேல வலி, படுத்தா குறையும், எழுந்து நின்னா உயிர் போகும். தெரிஞ்சவங்க சொன்னாங்கனு ஒரு கைரோபிராக்டர்கிட்ட, அதாவது முதுகெலும்பை கையால அழுத்தி வலிக்கு சிகிச்சை பண்றவர்கிட்ட, நான்தான் கூட்டிட்டு போனேன், அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

விழுந்தாங்கனு சொன்னேன். "அதுலதான் எலும்பு விலகியிருக்கு, மூணு சிட்டிங்ல சரியாயிடும்"னார். எக்ஸ்ரே வேணாமானு கேட்டதுக்கு கையிலயே தெரியுதுனு சொல்லிட்டார். வேற என்ன நோய் இருக்கு, என்ன மாத்திரை சாப்பிடுறாங்கனு ஒரு கேள்வி இல்ல. அம்மா மூட்டு வாதத்துக்கு நாலு வருஷமா ஸ்டீராய்டு எடுக்குறாங்க, அது எலும்பை வலுவிழக்க வைக்கும்னு எனக்கு அப்போ தெரியாது, அவருக்கு தெரிஞ்சிருக்கணும். குப்புற படுக்க வச்சு ஒரு அழுத்து, டக்குனு சத்தம், "பாத்தீங்களா, உள்ள உக்காந்துடுச்சு"னார். அந்த சத்தத்தை நம்பித்தான் ரெண்டாவது தடவையும் போனோம். ஆனா அது எலும்பு இடத்துல உக்காருற சத்தமே இல்லைங்க, மூட்டுக்குள்ள இருக்கற திரவத்துல வாயுக்குமிழி உண்டாகறப்போ வர்றது, விரல்ல சொடக்கு எடுக்கறோமே அதேதான்.

ரெண்டாவது சிட்டிங்ல அம்மா கத்திட்டாங்க. வலி வெளியேறுதுனு சொன்னார். அன்னைக்கு ராத்திரி அவங்களால படுக்கையில புரளக்கூட முடியல.

மறுநாள் எலும்பு டாக்டர் முதுகுல விரலால லேசா தட்டினதுமே அம்மா துடிச்சாங்க, உடனே பக்கவாட்டுல ஒரு எக்ஸ்ரே எடுக்க சொன்னார். எல்-1, அதாவது கீழ்முதுகுல இருக்கற முதல் முதுகெலும்பு, முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்துச்சு. எம்ஆர்ஐல புது முறிவுனு உறுதியாச்சு. எலும்பு அடர்த்தியை அளக்கற டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர்ங்கற அளவு -3.1, அது -2.5 இல்ல அதுக்கும் கீழ வந்தாலே எலும்புப்புரைதான், அதாவது எலும்பு பலவீனமாகற நோய். விழுந்ததுல எவ்வளவு நசுங்குச்சு, அழுத்தினதுல எவ்வளவுனு இப்போ பிரிச்சு சொல்ல முடியாது, ஆனா முறிஞ்ச எலும்பு மேல அப்படி அழுத்தவே கூடாதுனு சொன்னார்.

சாதாரண இடுப்புவலிக்கு கைரோபிராக்டிக்ல சிலருக்கு சுகம் கிடைக்குது, அதை மறுக்கல. ஆனா புது முறிவு இருந்தா முதுகெலும்பை அழுத்தித் திருப்பக் கூடாதுனு உலக சுகாதார நிறுவனம் 2005ல கைரோபிராக்டிக்குக்குனே வெளியிட்ட வழிகாட்டியிலயே இருக்கு. அதனால வயசானவங்க, ஸ்டீராய்டு எடுக்கறவங்க லேசா விழுந்திருந்தாலும் முதல்ல படம் எடுங்க, எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலனு சொல்லியும் வலி விடலனா எம்ஆர்ஐ பத்தி கேளுங்க, மெல்லிய விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தப்பிடும். கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காம எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

அம்மா மூணு மாசமா பெல்ட்டோட இருக்காங்க, முதுகு லேசா கூன் விழுந்துடுச்சு. எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துட்டு போய் அந்த கைரோபிராக்டர்கிட்ட காட்டினேன். "ஸ்டீராய்டு எடுக்கறதை நீங்க சொல்லவே இல்லையே"னு என்கிட்டயே திருப்பிட்டார்.