கோஹா ஓபாக்கே போதுமா, மேல வியூஃபைண்ட் வேணுமா?

எங்க காலேஜ் லைப்ரரில பழைய கேட்டலாக் சாஃப்ட்வேர தூக்கிட்டு கோஹாவுக்கு மாறியாச்சு. நியூசிலாந்துல 2000ல ஒரு சின்ன லைப்ரரில ஓட ஆரம்பிச்சது, ஓபன் சோர்ஸ், காசு கிடையாது, இதெல்லாம் தெரிஞ்ச கதைதான். சோல்ங்கிற லைப்ரரி சாஃப்ட்வேர (யுனிவர்சிட்டி லைப்ரரிகள இணைக்கிற இன்ஃப்லிப்நெட் தர்றது) காலேஜ் பக்கம் நிறைய பேர் வச்சிருக்காங்க, கவர்மென்ட் லைப்ரரின்னா மத்திய அரசோட ஐடி அமைப்பான என்ஐசியோட இ-கிரந்தாலயா சுலபம். எங்களுக்கு நிஜப் போட்டி கோஹா கூடவே வர்ற ஓபாக்குக்கும் (வாசகருங்க புக்கு தேடுற பக்கம்), அது மேல வியூஃபைண்ட்ங்கிற தனி சர்ச் சாஃப்ட்வேர் போடுறதுக்கும்தான்.

வியூஃபைண்ட் பாக்க நல்லாருக்கு, புக்கு, டிஸ்பேஸ்ல (டிஜிட்டல் ஃபைல் சேத்து வைக்கிற சாஃப்ட்வேர்) கிடக்குற தீசிஸ் எல்லாம் ஒரே சர்ச்ல வரும். ஆனா அதுக்குத் தனியா சோலர்ங்கிற சர்ச் எஞ்சின் ஓடணும், கோஹால ரெக்கார்ட் மாறுனா அங்கயும் போய்ச் சேரணும், எங்ககிட்ட சர்வர் பாத்துக்கறது ஒரே ஆளு, அவருக்கு கம்ப்யூட்டர் லேபும் சேத்து. டெஸ்ட் மெஷின்ல ஓட்டிப் பாத்ததோட சரி, வருஷக்கணக்குல வச்சு ஓட்டுனவங்க வேற மாதிரி சொல்லலாம்.

என்னைக் கேட்டா முக்கியம் தமிழ் சர்ச்தான். கோஹால ஜீப்ரா (கோஹாவோட சர்ச் எஞ்சின்) இண்டெக்ஸ ஐசியுக்கு (யூனிகோட் எழுத்த சரியா கையாளுற முறை) மாத்தி ரீஇண்டெக்ஸ் பண்ணுங்க, பண்ணலன்னா தமிழ் தேடல் சொதப்பும். அதுக்கப்புறமும் 'வரலாறு'ன்னு அடிச்சா 'வரலாற்று' வராது, 'வரலா*'ன்னு அடிக்கச் சொல்லி ஓபாக்லயே எழுதி வச்சிட்டோம். பெரிய தலைவலி டேட்டா. பழைய ஃபான்ட்லேருந்து கன்வெர்ட் ஆன ரெக்கார்டுல 'பௌத்தம்' பாத்தீங்கன்னா ஒத்தக் கொம்பு, ப, அப்புறம் தனியா ஒரு ள, கண்ணுக்கு ஒண்ணுதான் ஆனா சர்ச்ல சிக்காது, ஸ்ரீக்குக்கூட ஸ வச்சு ஒண்ணு, ஶ வச்சு ஒண்ணுன்னு யூனிகோடுல ரெண்டு விதம் இருக்கு. வியூஃபைண்ட் போட்டாலும் இதே குப்பைதான் அங்க போய் உக்காரும். மொத்தத்தையும் மார்க் ஃபைலா (லைப்ரரி ரெக்கார்டுக்கான ஸ்டாண்டர்ட் ஃபார்மட்) எடுத்து, அத திருத்துற மார்க்எடிட் சாஃப்ட்வேர்ல ரீப்ளேஸ் அடிச்சு திரும்ப ஏத்துனோம், போரான வேலை, ஆனா ஓபாக்கோட மூஞ்சியே அதுக்கப்புறம்தான் மாறுச்சு.

தீசிஸ் நிறைய இருந்து, சர்வருக்குன்னே ஆளும் இருந்தா வியூஃபைண்ட பின்னாடி சேத்துக்கலாம், கோஹாவ கழட்ட வேண்டியதில்ல. எதுக்கு மாறுனாலும் பழைய வெண்டர்கிட்ட யுடிஎஃப்-8 (யூனிகோட்) மார்க் ஃபைல் முதல்ல வாங்கிடுங்க, எக்செல் தர்றோம்னா ஒத்துக்காதீங்க.